நடுவழியில் கார் நின்றால் எந்தத் திட்டம் கைகொடுக்கும்?

*மலிவான ரோட்சைடு அசிஸ்டன்ஸ் (ஆர்.எஸ்.ஏ.) போதுமா, கூடுதல் பணம் கட்டிப் பெரிய திட்டம் எடுக்கலாமா? கார் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் வீடுகளில் எல்லாம் எழுகிற கேள்வி இது. விடை விலைப்பட்டியலில் இல்லை, நிபந்தனைத் தாளில் இருக்கிறது.*

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, இரவு பதினொன்றரை மணி. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டி வேப்பூர் பக்கம் வருகிறீர்கள். இடது ஓரத்தில் பானெட் திறந்தபடி ஒரு கார். நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. பின்சீட்டில் பாட்டி, அவர் மடியில் தூங்கும் பேரன். ஆம்னி பஸ் ஒவ்வொன்றும் கடந்து போகும்போது கார் ஒரு தரம் ஆடி நிற்கிறது. ஓட்டி வந்தவர் தடுப்புக் கம்பி ஓரமாக நின்று, செல்போன் வெளிச்சத்தில் பாலிசித் தாளைப் புரட்டுகிறார்.

போனில் கால் சென்டர். வண்டி எண் கேட்கிறார்கள், சொல்கிறார். பாலிசி எண் கேட்கிறார்கள், தேடிப் பிடித்துச் சொல்கிறார். "பக்கத்துல லேண்ட்மார்க் ஏதாவது சொல்லுங்க சார்" என்கிறார்கள். சுற்றிலும் இருட்டு, மக்காச்சோளக் கொல்லை. என்ன சொல்வது? புகார் பதிவாகிவிட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. முக்கால் மணி நேரம் கழித்து, ரெக்கவரி வண்டிக்காரரிடமிருந்து போன். "இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான் ஃப்ரீ சார். அதுக்கு மேல போற தூரத்துக்கு நீங்க கையில தரணும். சரின்னா கிளம்பி வர்றேன்."

பண்டிகை நாள்களில் தெற்கே போகும் சாலைகளில் அடிக்கடி காண்கிற காட்சி இது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அவர் பேரம் பேச முடியாது. பேச வேண்டிய நேரம், ஏஜென்ட் போன் செய்து "ஆர்.எஸ்.ஏ. சேர்த்துடவா சார்?" என்று கேட்ட அன்று வந்து போய்விட்டது.

நான்கு வாசல்கள்

லண்டனில் 1905-ல் கார் வைத்திருந்தவர்கள் சிலர் கூடி ஆட்டோமொபைல் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். போலீஸ் எங்கே மறைந்து நின்று வேகத்தை அளக்கிறது என்று ஒருவரையொருவர் எச்சரிக்கத்தான் அது முதலில் உண்டானது. நடுவழியில் நின்ற காருக்கு உதவுவது பிறகுதான் அதன் முக்கியப் பணியானது. அங்கே இன்றும் பலர் தனியாக உறுப்பினர் சந்தா கட்டித்தான் இந்தச் சேவையைப் பெறுகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இது இன்ஷூரன்ஸோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால்தான் தன்னிடம் எந்தத் திட்டம் இருக்கிறது என்றே பலருக்குத் தெரிவதில்லை.

இங்கே உதவி வரும் வாசல்கள் நான்கு. புதுக் கார் வாங்கினால், வாரன்டி காலத்துக்குக் கார் நிறுவனமே தரும் உதவி ஒன்று. இன்ஷூரன்ஸில் சில நூறு ரூபாய் கூட்டிக் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் 'ஆட்-ஆன்' இரண்டாவது. இந்தச் சேவையை மட்டுமே விற்கும் நிறுவனங்களின் ஆண்டுத் திட்டங்கள் மூன்றாவது. ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது, சில ஆயிரங்களுக்கும் போகிறது. நான்காவது, நாம் கட்டும் சுங்கக் கட்டணத்தோடு வருவது: தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033.

இதில் முதல் வாசலையும் இரண்டாவது வாசலையும் சேர்த்தே வைத்திருப்பவர்கள் ஏராளம். ஷோரூமிலேயே இன்ஷூரன்ஸ் போடும்போது 'நில் டெப்ரிசியேஷன்', 'கன்ஸ்யூமபிள்ஸ்' போன்ற ஆட்-ஆன்களின் வரிசையில் ஆர்.எஸ்.ஏ.வும் சேர்ந்துவிடும். கார் நிறுவனம் ஏற்கெனவே தருகிற உதவிக்கு மறுபடியும் பணம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பாலிசியில் பிரீமியத்தைப் பிரித்துக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

> பெட்டிச் செய்தி: 1033 என்ன செய்யும், என்ன செய்யாது?
>
> தேசிய நெடுஞ்சாலைகளில் 24 மணி நேரமும் இயங்கும் கட்டணமில்லா எண் இது. சுங்கச்சாவடி உள்ள பாதைகளில் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் ஆகியவற்றை வைத்திருப்பது அந்தச் சாலையைப் பராமரிப்பவர்களின் கடமை.
>
> பாதையை மறித்து நிற்கும் வண்டியை அப்புறப்படுத்திப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதுதான் அந்தக் கிரேனின் வேலை. உங்கள் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வரை அது கொண்டுபோகாது.
>
> மாநில நெடுஞ்சாலைகளும் ஊர்ச் சாலைகளும் இதில் வராது. யாருக்காவது அடிபட்டிருந்தால் முதல் அழைப்பு 108-க்கு.

விலை கூடினால் வண்டி சீக்கிரம் வருமா?

விலை கூடிய திட்டம் எடுப்பவர்களில் பலர் மனதில் இருக்கும் நம்பிக்கை இது: 'நாம் அதிகம் கட்டியிருக்கிறோம், நம்மிடம்தான் முதலில் வருவார்கள்.' இந்த ஒரு காரணத்துக்காகப் பெரிய திட்டம் எடுப்பதாக இருந்தால் எடுக்க வேண்டாம்.

நீங்கள் போன் செய்வது இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் எண்ணுக்கு. ஆனால் பல நேரங்களில் அதை எடுப்பது, அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் ஓர் உதவிச் சேவை நிறுவனம். யூரோப் அசிஸ்டன்ஸ், டி.வி.எஸ். ஆட்டோ அசிஸ்ட் போன்றவை இந்தத் தொழிலில் இருப்பவை. அவர்களும் எல்லா ஊரிலும் சொந்த வண்டி வைத்திருப்பதில்லை. விழுப்புரத்திலோ பெரம்பலூரிலோ ரெக்கவரி வண்டி வைத்து ஓட்டும் உள்ளூர்க்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் இரண்டு மூன்று உதவி நிறுவனங்களுக்குச் சேர்த்தே ஓட்டுபவராக இருப்பார். 300 ரூபாய்க்காரருக்கும் 3,000 ரூபாய்க்காரருக்கும் வருவது பல சமயம் அதே வண்டி, அதே டிரைவர். அந்தப் பக்கம் இருப்பதே இரண்டு வண்டி என்றால், விடுமுறை இரவில் யாராக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

நிபந்தனைத் தாளும் இதை மறைப்பதில்லை. நகரத்துக்குள் இவ்வளவு நிமிடம், நெடுஞ்சாலையில் இவ்வளவு என்று போட்டுவிட்டு, போக்குவரத்து, வானிலை, தூரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறலாம் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருப்பார்கள். தாமதத்துக்கு இழப்பீடு தருவதாக எழுதித் தரும் திட்டங்கள் அரிது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு.

பிறகு கூடுதல் பணம் எதைத்தான் வாங்கித் தருகிறது? இரண்டு விஷயங்களை. ஒன்று, டோயிங் தூரம். மற்றொன்று, வண்டி போன பிறகு காரில் வந்த மனிதர்களுக்கு என்ன வழி என்பது. மலிவுத் திட்டம் காரை மட்டும் பார்க்கும். நல்ல பெரிய திட்டம், பாட்டியையும் பேரனையும் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க டாக்ஸி கொடுக்கும். அன்றைக்குள் சரியாகாவிட்டால் ஓர் இரவு ஓட்டல் செலவை ஏற்கும். வீட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் நின்றால்தான் இந்தச் சலுகைகள் கிடைக்கும் என்ற நிபந்தனையும் உடன் வரும். ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு அது ஒருநாளும் பயன்படாது.

எல்லாம் அந்தக் கிலோமீட்டரில்

வேப்பூரில் நின்ற காருக்கே வருவோம். அந்தக் கார் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் விழுப்புரத்தில் இருக்கிறது, தூரம் 65 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள மலிவுத் திட்டத்தில் இலவச டோயிங் 25 கிலோமீட்டர். மீதி 40 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டருக்கு 40 ரூபாய் என்று கணக்கிட்டால் 1,600 ரூபாய். கையைக் கடித்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் தூரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில திட்டங்களில், கார் நின்ற இடத்திலிருந்து மெக்கானிக் ஷெட் வரை. வேறு சிலவற்றில், ரெக்கவரி வண்டி தன் இடத்திலிருந்து கிளம்பி, உங்கள் காரை ஏற்றி, இறக்கி முடிக்கும் வரை ஓடிய மொத்தத் தூரம், அதாவது போக வர. விழுப்புரத்திலிருந்து வந்து விழுப்புரத்துக்கே திரும்பினால் 130 கிலோமீட்டர். அதில் 25 போக 105 கிலோமீட்டர். அதே 40 ரூபாய்க் கணக்கில் 4,200 ரூபாய். கார் ஒன்றுதான், போன சாலையும் ஒன்றுதான். நிபந்தனையில் இருந்த 'போக வர' என்ற இரண்டு சொல்லுக்கு விலை 2,600 ரூபாய்.

இலவசத் தூரம் 100 கிலோமீட்டர் உள்ள திட்டம் கையில் இருந்தால், முதல் கணக்கில் செலவே இல்லை. இரண்டாவது கணக்கில் 1,200 ரூபாய். ஒரே ஒரு இரவில், பெரிய திட்டத்துக்குக் கூடுதலாகக் கட்டிய பணம் திரும்பிவிடுகிறது. கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். 40 ரூபாய் என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைதான். உங்கள் பகுதியில் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவரிடம் கேட்டு, அந்த விலையைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலைப் பலரும் யோசிப்பதில்லை. 'அருகிலுள்ள' பட்டறைக்குக் கொண்டுசெல்வோம் என்று போட்டிருந்தால், எது அருகில் என்று முடிவு செய்வது நிறுவனம். வாரன்டியில் உள்ள காரை ஏதோ ஒரு ஷெட்டில் இறக்கிவிட்டால், அங்கே கைவைத்த பிறகு வாரன்டிக்கே கேள்வி வரலாம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்கள் திட்டத்தில் உண்டா என்று பாருங்கள். இரவிலும் பண்டிகை நாளிலும் சர்வீஸ் சென்டர் பூட்டியிருக்கும். காரை ஏதாவது யார்டில் போட்டுவிட்டு, மறுநாளோ பொங்கல் முடிந்தோ மறுபடி ஏற்ற வேண்டும். அதை இரண்டாவது சேவையாகக் கணக்கிட்டு, ஆண்டுக்கு இத்தனை முறை என்ற வரம்பில் கழித்துக்கொள்ளும் திட்டங்கள் உண்டு. யார்டு வாடகை உங்கள் தலையில். வழியில் உள்ள டோல் கட்டணமும் பெரும்பாலும் அப்படியே.

பஞ்சர், பேட்டரி, சாவி

டோயிங் அடிக்கடி தேவைப்படுவதில்லை. பேட்டரி இறங்கிப்போவதும், பஞ்சரும், சாவியை உள்ளே வைத்துப் பூட்டுவதும்தான் நடக்கிறவை. இவற்றில் மலிவுத் திட்டத்துக்கும் பெரிய திட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுப்பார்கள். புது பேட்டரி என்றால் அதன் விலை உங்களுடையது. பெட்ரோல் தீர்ந்தால் பொதுவாக ஐந்து லிட்டர் வரை கொண்டுவருவார்கள். பெரும்பாலும் கொண்டுவரும் கூலிதான் இலவசம், பெட்ரோலுக்குக் காசு தர வேண்டும். பஞ்சர் என்றால் உங்கள் ஸ்டெப்னியை மாட்டிக் கொடுப்பார்கள்.

ஸ்டெப்னி இருந்தால்தானே மாட்ட? 2020-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப்லெஸ் டயரும், டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள 3.5 டன் வரையிலான வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆனது. அதன்பிறகு சில கார்கள், குறிப்பாகச் சில மின்சாரக் கார்கள், ஸ்டெப்னி இல்லாமலேயே வருகின்றன. ஆணி குத்திய ஓட்டையை அந்த கிட்டால் அடைக்கலாம். பள்ளத்தில் மோதி டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது; காரை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆக, ஸ்டெப்னி இல்லாத கார் வைத்திருப்பவருக்கு ஒரு டயர் கிழிவதுகூட டோயிங் செலவாக மாறலாம். காரை வாங்கும்போது டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். காரில் எங்குமே ஸ்டெப்னி இல்லையென்றால், மலிவுத் திட்டம் உங்களுக்கு ஆகாது.

மின்சாரக் கார், ஆட்டோமேட்டிக் கார், நான்கு சக்கரமும் இழுக்கும் கார் ஆகியவற்றுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்லும் பழைய பாணி டோயிங் இவற்றில் பலவற்றுக்கு ஒத்துவராது. மோட்டாரோடு இணைந்த சக்கரம் சுழன்றால் மின்சாரக் காரில் மோட்டாரும் சேர்ந்து சுழலும். பழுது ஒன்று இரண்டாகிவிடும். முழுக் காரையும் மேலே ஏற்றும் பிளாட்பெட் வண்டிதான் பாதுகாப்பு. அதை அனுப்புவதாகத் திட்டத்தில் எழுதியிருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கொக்கியும் கயிறுமாக ஒருவர் வந்து நின்றால், 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

> பெட்டிச் செய்தி: சாதாரண பாலிசியிலேயே இருப்பது
>
> காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில், விபத்தில் சேதமான காரை அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டுசெல்லும் செலவு உண்டு. தனியார் கார்களுக்கான பொதுவான பாலிசி வாசகத்தில் அதன் உச்சவரம்பு, ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய்.
>
> விபத்து இல்லாமல், இன்ஜினோ மின்சார அமைப்போ தானாகப் பழுதாகி நின்றால் அந்தப் பாலிசியில் ஒரு பைசா வராது. 'மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன்' விலக்குப் பட்டியலில் இருக்கிறது.
>
> தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருப்பவர் பொதுவாக இந்த ஆட்-ஆனைச் சேர்க்க முடியாது. தனித் திட்டம்தான் வழி. பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

மலையும் மழையும்

இரண்டு இடங்களில் மலிவு, விலை கூடியது எல்லாமே கைவிரிக்கக்கூடும். நம் மாநிலத்தில் அந்த இரண்டும் நிறையவே உண்டு.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கல்லட்டிப் பாதையில் 36. நீளமான பிளாட்பெட் வண்டி ஏறித் திரும்பச் சிரமப்படும் வளைவுகள் அவை. ரெக்கவரி வண்டி அடிவாரத்திலிருந்துதான் வர வேண்டும். மலைப்பாதைக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அல்லது வரவே மறுப்பார்கள். முதுமலையைத் தாண்டிப் பந்திப்பூர் காட்டுச் சாலை, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கு மூடப்பட்டிருக்கும். மாலை மயங்கும் நேரத்தில் அங்கே கார் நின்றால், எந்தத் திட்டத்தின் கால் சென்டரைவிடவும் வனத்துறைச் சோதனைச் சாவடியில் இருப்பவரின் உதவிதான் பெரிது. மலைக்குப் போகுமுன் அந்த ஊர் மெக்கானிக் ஒருவரின் எண்ணை, தங்கும் விடுதியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கார் பள்ளத்தில் இறங்கிவிட்டால், அதை மேலே இழுப்பது டோயிங் கணக்கில் வராது என்று பல திட்டங்கள் சொல்லிவிடுகின்றன. மலைக்கு அடிக்கடி போகிறவர் இந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

மழை இதைவிடக் கடுமையான பாடத்தைச் சென்னைக்குக் கொடுத்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் நிறுத்தியிருந்த கார்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட வீடியோவை நாடே பார்த்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். அந்த முடிவு சரியான முடிவு. ஏனென்றால் இயற்கைப் பேரிடர் நாள்களில் சேவை தரும் கடமை இல்லை என்று பல ஆர்.எஸ்.ஏ. திட்டங்களிலும் ஒரு விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும், ஊர் முழுக்க ஒரே நாளில் கார்கள் மூழ்கினால் ரெக்கவரி வண்டிக்கு எங்கே போவது?

வெள்ளச் சேதத்துக்குக் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இழப்பீடு உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற காரை மறுபடி ஸ்டார்ட் செய்து, இன்ஜினுக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்தால், அது ஓட்டியவரின் செயலால் வந்த பின்விளைவு என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். இன்ஜின் செலவு லட்சங்களில் போகும். அதற்கென்று 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற தனி ஆட்-ஆன் இருக்கிறது. சென்னையிலும் கடலூரிலும் தூத்துக்குடியிலும் தாழ்வான பகுதியில் இருப்பவர், பெரிய ஆர்.எஸ்.ஏ. திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குத் திருப்புவதே நல்லது. காரில் தண்ணீர் ஏறினால் சாவியைத் தொடாதீர்கள். செல்ஃப் போட்டுப் பார்க்காதீர்கள். ரெக்கவரி வண்டி இரண்டு நாள் கழித்து வந்தாலும் பரவாயில்லை.

யாருக்கு எது?

மூன்று வருடத்துக்கு உட்பட்ட கார், ஊருக்குள் ஓட்டம், ஆண்டுக்கு ஒருமுறை கோயில் குளம். இவருக்குக் கார் நிறுவனம் தரும் உதவியே போதும். அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் சரி. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஸ்டெப்னி இல்லாத காருக்கு மட்டும் டோயிங் தூரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு வருடக் கார், காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, ஓட்டம் நகரத்துக்குள்தான் என்றால், இன்ஷூரன்ஸில் சில நூறு ரூபாய் ஆட்-ஆன் நல்ல பேரம். நகரத்துக்குள் 25 கிலோமீட்டரில் எந்தப் பட்டறைக்கும் போய்விடலாம். பேட்டரி ஒருமுறை இறங்கினாலே கட்டிய பணம் வந்துவிடும்.

சென்னையிலோ ஓசூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, தென்காசி, நாகர்கோவில், ராமநாதபுரம் என்று ஊருக்குக் காரிலேயே போய் வருகிறவர்களுக்குத்தான் பெரிய திட்டம். சென்னையிலிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். அந்தப் பாதையில் ஒரு சர்வீஸ் சென்டருக்கும் அடுத்ததற்கும் இடையில் 60, 70 கிலோமீட்டர் இருக்கக்கூடிய இடங்கள் உண்டு. ஓசூரிலிருந்து வரும் வழியில் தொப்பூர் கணவாய் போன்ற இறக்கங்களில் பிரேக் சூடாகி நின்றால், அங்கே உட்கார்ந்து காத்திருப்பதே ஆபத்து. குழந்தையோடும் வயதானவர்களோடும் இரவில் போகிறவர்களுக்கு டாக்ஸி, ஓட்டல் சலுகை வெறும் அலங்காரம் அல்ல. இவர்கள் 100 கிலோமீட்டர் இலவச டோயிங் உள்ள திட்டத்தைத் தயங்காமல் எடுக்கலாம். அதற்குக் குறைந்த தூரம் உள்ள 'பிரீமியம்' திட்டம், பெயரில்தான் பிரீமியம்.

பழைய கார் வாங்கியவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். உரிமை மாறியதை 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அப்போதே ஆர்.எஸ்.ஏ.வையும் தங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நடுரோட்டில் முந்தைய உரிமையாளரின் செல்போனுக்கு ஓ.டி.பி. போய்க்கொண்டிருந்தால் எந்தத் திட்டமும் உதவாது. சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெள்ளை போர்டு காருக்கான திட்டம் வாடகை ஓட்டத்தில் செல்லாது.

பயணத்தின் அன்றே திட்டம் வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள், காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். வாங்கிச் சில நாள்கள் கழித்துத்தான் சேவை தொடங்கும் என்று வைத்திருக்கும் திட்டங்கள் உண்டு. கார் நின்ற பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பதைத் தடுக்கத்தான் அந்த விதி.

காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்

எந்தத் திட்டமாக இருந்தாலும் ஒரு மணி நேரமாவது நீங்கள்தான் உங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் நிற்கும் வண்டியின் பின்னால் வந்து மோதும் விபத்துகள், காரின் பழுதைவிடப் பல மடங்கு கொடியவை.

முடிந்தவரை காரை இடது ஓரத்துக்கு, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உருட்டிவிடுங்கள். ஹசார்டு விளக்கைப் போடுங்கள். சிவப்பு முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பலர் பம்பர் ஓரமாகவே வைத்துவிடுகிறார்கள், அதனால் பயனில்லை. எல்லோரும் காரைவிட்டு இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் உள்ளே இருந்துதான் ஆக வேண்டும் என்றால், 1033-ஐ முதலில் அழைத்து ரோந்து வண்டியை வரச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அடுத்துப் பேசலாம்.

லேண்ட்மார்க் கேட்டால், சாலையோரத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தடுப்புச் சுவருக்கு எதிர்ப்பக்கம் வந்துவிட்டு, யூ டர்ன் தேடிப் பல கிலோமீட்டர் சுற்றும் ரெக்கவரி வண்டிகளால்தான் பாதி தாமதம்.

தனியாக வரும் பெண்கள், வருகிறவரின் பெயர், வண்டி எண், போன் எண் மூன்றையும் குறுஞ்செய்தியில் அனுப்பும்படி கால் சென்டரிடம் கேளுங்கள். வந்தவரிடம் உங்கள் புகார் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். புகார் எண் தெரியாத ரெக்கவரி வண்டி, நீங்கள் கூப்பிட்டது அல்ல. பயம் வந்தால் 112-ஐ அழையுங்கள்.

காரை ஏற்றுமுன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது விழுந்த கீறலுக்கும் உடைந்த பம்பருக்கும் அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. கூடுதல் தூரத்துக்குப் பணம் கேட்டால் யு.பி.ஐ.யில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஏமாற்றினால் எங்கே போவது?

சேவை இன்ஷூரன்ஸ் பாலிசியோடு வந்ததாக இருந்தால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' இணையதளம், அல்லது 155255 என்ற எண். தனி நிறுவனத்தின் ஆண்டுத் திட்டம் என்றால் அது இன்ஷூரன்ஸ் அல்ல, சேவை ஒப்பந்தம். காப்பீட்டு ஆணையம் தலையிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தனித் திட்டம் எடுக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை எடுக்கும்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வழியில் போனாலும், புகார் எண்ணும், அழைத்த நேரமும், ரசீதும், போட்டோவும் கையில் இருக்க வேண்டும்.

பாலிசித் தாளில் காரின் இன்ஜின் எண் முதல் நாமினி பெயர் வரை முதல் பக்கத்தில் அச்சடிக்கிறார்கள். இலவச டோயிங் எத்தனை கிலோமீட்டர், ஒரு வழியா போக வரவா, எந்தப் பட்டறைக்கு, ஆண்டுக்கு எத்தனை முறை என்ற நான்கு விவரங்களை அதே பக்கத்தில், தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சடிக்க எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவு ஆகாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதைக் கட்டாயமாக்க வேண்டும். அது நடக்கும்வரை, அடுத்த முறை ஏஜென்ட் "ஆர்.எஸ்.ஏ. சேர்த்துடவா?" என்று கேட்கும்போது இந்த நான்குக்கும் பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.